தொட்டியக்கா ஆணையரான வாரம்

அந்தக் கட்டடத்தில் எண்ணூறு பேர் வேலை பார்த்தார்கள். எண்ணூறு பேரும் சமம் என்று சட்டம் சொன்னது. அந்தச் சட்டத்தை எழுதியதே அந்தக் கட்டடம்தான். சமநிலைத் துறையின் தலைமை அலுவலகம் அது.

எல்லாருக்கும் ஒரே சாம்பல் நிறச் சட்டை. ஏழாவது மாடிக்காரர்களின் சட்டை மட்டும் எப்படியோ மடிப்புக் கலையாமல் இருக்கும். அடித்தளத்துக்காரர்களின் சட்டை எப்படியோ ஈரமாகவே இருக்கும். ஒருவரை ஒருவர் சார் என்றோ ஐயா என்றோ கூப்பிடக் கூடாது. 'சமர்' என்றுதான் கூப்பிட வேண்டும். சமமானவர் என்பதைச் சுருக்கி ஒரு குழு ஆறு மாதம் உட்கார்ந்து செய்த சொல் அது. தமிழில் ஏற்கெனவே அந்தச் சொல்லுக்குப் போர் என்று பொருள் இருப்பதைக் குழுவில் யாரும் கவனிக்கவில்லை. கவனித்தபோது பலகைகள் எல்லாம் அச்சாகிச் சுவரில் ஏறிவிட்டன.

பெயரை ஒன்றாக்கிய குழுவால் வினைச்சொல்லின் வாலை ஒன்றும் செய்ய முடியவில்லை. மேலே போகிறவரிடம் "வாங்க சமரே, உக்காருங்க" என்றார்கள். கீழே இருக்கிறவரிடம் "சமரு, இங்க வா, இதைத் தூக்கு" என்றார்கள். புகார் போனது. இனி எல்லாருக்கும் 'வாங்க'தான் என்று திருத்தம் வந்தது. அன்றிலிருந்து 'வாங்க' இரண்டு விதமாக ஒலிக்கத் தொடங்கியது. ஒரு 'வாங்க' நாற்காலியை இழுத்துப் போடும். இன்னொரு 'வாங்க' ஆளை நிற்க வைத்தே வேலை வாங்கும்.

தொட்டியக்கா பத்தொன்பது வருடமாகக் கேட்டது இரண்டாவது வகை 'வாங்க'வைத்தான்.

அடித்தளத்தில் சாப்பாட்டுக்கூடத்துக்குப் பின்னால் மூன்று சிமெண்டுத் தொட்டிகள் இருந்தன. ஒன்றில் ஊறப்போட, ஒன்றில் தேய்க்க, ஒன்றில் அலச. அந்த மூன்றுக்கும் நடுவில் நின்று கழுவுவது அவள் வேலை. ஆகவே அவள் தொட்டியக்கா. அவளைவிடப் பதினைந்து வயது மூத்த சமையல்காரர்கூட அப்படித்தான் கூப்பிட்டார். அவள் கணவர் வெளிவாசல் காவலாளி; சாவிக்கொத்து அவரிடம்தான். கணவரின் தங்கை, அதாவது தொட்டியக்காவின் நாத்தனார், ஏழு மாடிக்கும் பெருக்கித் துடைக்கிறவர்களில் ஒருத்தி. மூன்று பேரும் விடியுமுன்பே வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பி, ஐந்தரைக்கெல்லாம் கட்டடத்தில் இருப்பார்கள்.

யார் சாப்பிட்டது என்பதைத் தட்டு காட்டிக்கொடுக்கக் கூடாது என்று எண்ணூறு பேருக்கும் ஒரே மாதிரி எவர்சில்வர் தட்டு. ஆனால் தொட்டியக்காவுக்குத் தட்டைப் பார்த்தாலே மாடி தெரியும். துடைத்து வைத்த மாதிரி வந்தால் அடித்தளம். ஓரத்தில் கொஞ்சம் காய் ஒதுங்கியிருந்தால் மூன்றாவது மாடி. பாதிச் சோறும், கடித்து வைத்த பழமும், அதன் மேல் கசக்கிய காகிதமுமாக வந்தால் ஏழாவது. இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. சொல்வதற்கு என்ன இருக்கிறது? தேய்த்தால் எல்லாத் தட்டும் ஒன்றுதான்.

துறையின் பெருமையே 'மாற்று வாரம்'தான். வருடத்தில் ஒரு வாரம், குலுக்கலில் வரும் கீழ்நிலைப் பணியாளர் ஒருவர் ஆணையரின் நாற்காலியில் உட்காருவார். ஆணையர் அவருடைய வேலையைச் செய்வார். பத்திரிகைக்காரர்கள் வந்து படம் எடுப்பார்கள். "நாற்காலியோடு அதிகாரமும் இடம் மாறும்" என்று ஆணையர் ஒரு விழாவில் உணர்ச்சிவசப்பட்டுப் பேசியதை, பேச்சு நன்றாக இருக்கிறதே என்று அப்படியே விதியில் சேர்த்துவிட்டார்கள்.

போன வருடம் லிஃப்ட் இயக்குகிறவருக்குச் சீட்டு விழுந்தது. அவர் பத்திரிகைக்காரர்களிடம் முக்கால் மணி நேரம் பேசிவிட்டார். அதனால் இந்த வருடம் ஆணையரின் உதவியாளர் முன்கூட்டியே அடித்தளத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். சட்டைப்பையில் எப்போதும் மூன்று பேனா குத்தியிருப்பதால் அவருக்கு மூணுபேனா என்று பெயர்.

"இந்த அம்மா எப்படி?" என்று சமையல்காரரிடம் கேட்டார்.

"யாரு, தொட்டியக்காவா? வாயில்லாப் பூச்சி சமரே. கொதிக்கிற எண்ணெய் கையில கொட்டுனாக்கூட 'ஸ்'னுதான் சொல்லும்."

மறுநாள் குலுக்கலில் தொட்டியக்காவின் பெயர் வந்தது.

திங்கட்கிழமை காலை ஒன்பதே முக்காலுக்கு மூணுபேனா அவளை ஏழாவது மாடிக்கு அழைத்துப் போனார். "வாங்க சமரே, உக்காருங்க" என்றார். முதல்வகை 'வாங்க'. அவளுக்குக் கூச்சமாக இருந்தது. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். அறையில் அவள் வீட்டை அப்படியே தூக்கி வைத்துவிட்டு மேலும் நான்கு பேர் கைவீசி நடக்கலாம் போலிருந்தது. ஒரு படக்காரர் அவளைத் தொலைபேசியைக் காதில் வைக்கச் சொன்னார். வைத்தாள். மறுமுனையில் யாரும் இல்லை. சிரிக்கச் சொன்னார். சிரித்தாள்.

பிறகு ஒரு கட்டு வாழ்த்து மடல்களைக் கொண்டுவந்து வைத்தார்கள். கையெழுத்துப் போட வேண்டும். அவள் எட்டாவது வரை படித்தவள். ஒவ்வொன்றையும் எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டே போட்டாள்.

"படிக்கணும்னு இல்ல சமரே, போட்டாப் போதும்."

"எழுதியிருக்கிறதைப் பாக்காம எப்படிங்க போடுறது?" என்றாள். மூணுபேனா கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார்.

மத்தியானம் சாப்பாடு அவளைத் தேடி வந்தது. ஐந்து மணி ஆனதும் அவள் எழுந்து, "அப்போ நான் வர்றேங்க" என்றாள்.

மூணுபேனா தொண்டையைச் செருமினார். "ஒரு சின்ன விஷயம் சமரே. ஆணையருக்குத் தோள்பட்டை வலி. தண்ணியில கை வைக்கக் கூடாதுன்னு டாக்டர் எழுதிக் கொடுத்துட்டாரு. உடம்பு முடியலன்னா அனுபவம் உள்ள ஒரு பதிலாளைப் போடலாம்னு விதி இருக்கு. தொட்டி வேலையில அனுபவம் உள்ளவங்க யாருன்னு பட்டியல்ல பாத்தோம்."

"யாருங்க?"

"நீங்க ஒருத்தர்தான் இருக்கீங்க."

தொட்டியக்கா அடித்தளத்துக்கு இறங்கினாள். காலையிலிருந்து யாரும் தொடாத தட்டுகள் மூன்று தொட்டியும் நிரம்பித் தரைக்கு வழிந்திருந்தன. சோறு காய்ந்து ஒட்டிப் போயிருந்தது. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஆரம்பித்தாள். முடிக்கும்போது மணி எட்டு.

வீட்டில் நாத்தனார் விழுந்து விழுந்து சிரித்தாள். "பகல்ல ஆணையர், சாயங்காலம் ஆணையருக்குப் பதிலாளு. ஆக, உங்களுக்கு நீங்களே பதிலாளு! இப்படி ஒரு உத்தியோகத்தை நான் கேள்விப்பட்டதே இல்ல அண்ணி."

"நீ சும்மா இரு" என்றார் கணவர். "ஒரு வாரம்தானே. பல்லைக் கடிச்சுக்கிட்டு ஓட்டிடலாம்."

"கடிக்கிறது அண்ணியோட பல்லுதானே அண்ணே, உன்னோடதா?"

தொட்டியக்கா கையை விரித்தாள். விரல் நுனிகள் ஊறி வெளுத்திருந்தன. அதே கையில் கட்டைவிரல் பக்கம் பச்சை மைக்கறை இருந்தது. அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

செவ்வாய்க்கிழமை காலை மறுபடி வாழ்த்து மடல் கட்டு வந்தது. பதினோராவது மடலைப் புரட்டியதும் வேறு மாதிரி ஒரு தாள் வந்தது. அனுப்புநர், ஆணையர். பெறுநர், ஆணையர். தோள்பட்டை வலி காரணமாகத் தொட்டிப் பணியிலிருந்து விலக்கு அளிக்கும்படியும், அனுபவமுள்ள பதிலாளை நியமிக்கும்படியும் கேட்டுக்கொள்கிறேன். கீழே பொடி எழுத்தில்: அனுமதிக்கப்படுகிறது / மறுக்கப்படுகிறது. பொருந்தாததை அடிக்கவும்.

மற்ற வாரங்களில் ஆணையர் தன் விடுப்பைத் தானே கேட்டுத் தானே கொடுத்துக்கொள்வார். இந்த வாரம் அவர் கையெழுத்து செல்லாது. அதனால் மூணுபேனா தாளை வாழ்த்துகளுக்கு நடுவில் சொருகிவைத்திருந்தார்.

தொட்டியக்கா இரண்டு முறை படித்தாள். "இதுல எதையாவது அடிக்கணுமாங்க?"

மூணுபேனா அடுத்த கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தார். "ஆமா சமரே, பொருந்தாததை அடிச்சுட்டுப் போட்டுடுங்க."

அவள் யோசித்தாள். நேற்றுச் சாயங்காலம் காய்ந்த சோறு ஒட்டிய தட்டுகளை நகத்தால் சுரண்டியதை நினைத்தாள். எது பொருந்தவில்லை என்பதில் அவளுக்குச் சந்தேகம் இருக்கவில்லை. 'அனுமதிக்கப்படுகிறது' என்பதன் மேல் நேராக ஒரு கோடு இழுத்தாள். கீழே தன் பெயரை எழுதினாள். அந்த நேரத்தில் படக்காரர் ஒரு படம் எடுத்தார்.

மூணுபேனா தாளை வாங்கி, முத்திரை குத்தி, பதிவேட்டில் எண் போட்ட பிறகுதான் படித்தார். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"என்ன சமரே பண்ணிட்டீங்க!"

"பொருந்தாததை அடிக்கச் சொன்னீங்களே."

"அதுக்காக இதையா அடிப்பாங்க? ஆணையருக்கு விலக்கு இல்லைன்னு ஆயிடுச்சே!"

"நான் எட்டு மணி வரைக்கும் நின்னேங்க" என்றாள் தொட்டியக்கா. அவள் குரல் உயரவில்லை. "எனக்கும் தோள்பட்டை வலிக்குதுங்க."

அவர் கெஞ்சிப் பார்த்தார். டாக்டர் சீட்டைக் காட்டினார். அந்தச் சீட்டைக் கொடுத்த டாக்டர் பல் டாக்டர் என்பதை அவள் படித்துவிட்டதும் சட்டென்று மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். ஆணையின் மேல் இன்னொரு ஆணை போடலாமா என்று கேட்டார். போடலாம், ஆனால் அதையும் ஆணையர்தான் போட வேண்டும். ஆணையர் எதிரில் உட்கார்ந்து தலையை ஆட்டி மறுத்துக்கொண்டிருந்தாள். மறுநாள் பத்திரிகையில் படம் வந்தது. 'சமத்துவம் சொல்லில் மட்டுமல்ல: தானும் தொட்டியில் இறங்குகிறார் ஆணையர்' என்று தலைப்பு. அதற்குமேல் தப்பிக்க வழியில்லை.

புதன்கிழமை ஆணையர் தொட்டியில் இறங்கினார்.

அவர் கெட்ட மனிதர் இல்லை. உண்மையிலேயே எல்லாரும் சமம் என்று நம்பியவர். அதைப் பற்றி இருபது வருடமாகப் பேசி வந்தவர். பேசிப் பேசி அது எப்போதோ நடந்து முடிந்துவிட்டது என்றே நினைத்திருந்தார். மத்தியான இடைவேளையில் தொட்டியக்கா எட்டிப் பார்க்கப் போனபோது, அவர் முழங்கை வரை நனைந்து, அலசும் தொட்டியில் தேய்த்துக்கொண்டும் தேய்க்கும் தொட்டியில் அலசிக்கொண்டும் இருந்தார்.

"இது நடுத் தொட்டியில போடணுங்க" என்றாள்.

"எல்லாத் தொட்டியும் ஒண்ணுதானேம்மா?"

"தொட்டி ஒண்ணுதாங்க. தண்ணிதான் வேற."

அவர் ஒரு தட்டைத் தூக்கிக் காட்டினார். பாதிச் சோறு, கடித்த பழம், கசக்கிய காகிதம். "யாரு இது, இவ்வளவு மிச்சம் வைக்கிறது? அநியாயமா இருக்கே!"

தொட்டியக்கா தயங்கினாள். பிறகு, இந்த வாரம் தான்தானே ஆணையர் என்று நினைத்துக்கொண்டாள். "ஏழாவது மாடிங்க."

"எப்படிச் சொல்றே? தட்டு எல்லாம் ஒரே மாதிரிதானே இருக்கு?"

"தட்டு ஒரே மாதிரிதாங்க" என்று சொல்லி, அவள் வரிசையாக எடுத்துக் காட்டினாள். இது அடித்தளம். இது இரண்டாவது மாடி. தட்டச்சு செய்கிற பெண்கள், காரத்தை ஒதுக்குவார்கள். இது ஐந்து. இது ஏழு. இதுவும் ஏழு. "இந்த மீனை நடுவுல மட்டும் எடுத்துட்டு ரெண்டு பக்கமும் விட்டது நீங்கதாங்க. பத்தொன்பது வருசமா அப்படித்தான்."

ஆணையர் சோப்பு நுரையோடு அப்படியே நின்றார். அவருக்கு வெட்கமாக இருந்தது. அது முகத்தில் நன்றாகவே தெரிந்தது. தொட்டியக்காவுக்குப் பாவமாகக்கூட இருந்தது. இந்த மனிதருக்கு இப்போது ஏதோ விளங்கப்போகிறது என்று காத்திருந்தாள்.

"இது பெரிய ஓட்டை" என்றார் அவர் கடைசியில். "இதை உடனே அடைக்கணும். வர்ற திங்கக்கிழமையிலேர்ந்து தட்டு எல்லாத்தையும் மேலேயே வழிச்சு, துடைச்சுத்தான் கீழ அனுப்பணும்னு உத்தரவு போடச் சொல்றேன். யார் எவ்வளவு வைக்கிறாங்கன்னு இனி யாருக்கும் தெரியக் கூடாது."

"மேல வழிக்கிறது யாருங்க?"

"பெருக்குற ஆளுங்க இருக்காங்களே" என்றார் ஆணையர்.

அன்று வீட்டில் இதைச் சொன்னபோது நாத்தனார் சிரிக்கவில்லை.

வியாழனும் வெள்ளியும் தொட்டியக்காவுக்கு எந்தத் தாளும் வரவில்லை. வாழ்த்து மடல்கூட வரவில்லை. மூணுபேனா அவள் பக்கமே பேனாவைக் கொண்டுவரவில்லை. சும்மா உட்கார்ந்து பழக்கமில்லாத அவள் மேசையைத் துடைத்தாள். மேசைமேல் பணி விதிகள் என்ற தடிப்புத்தகம் இருந்தது. அதைத் தூக்கித் துடைத்தாள். பிறகு திறந்தாள். இரண்டு நாளில் நாற்பது பக்கம் படித்தாள். சாயங்காலம் ஐந்து மணிக்கு நாற்காலியை உள்ளே தள்ளிவிட்டுக் கிளம்பினாள். அடித்தளத்தில் ஆணையர் தேய்த்த தட்டுகளில் பாதி பிசுபிசுத்தன. தட்டுப் போதாமல் இரண்டாவது மாடிக்காரர்கள் மூன்று மணிக்குத்தான் சாப்பிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பத்திரிகையில் புதிய அறிவிப்பு வந்தது. 'இடம் மாறுவது என்றாலே மேல் ஒன்று, கீழ் ஒன்று இருப்பதாகப் பொருள்படுகிறது. அந்த எண்ணமே சமத்துவத்துக்கு எதிரானது. எனவே நாளை முதல் இத்துறையின் எண்ணூறு பணியாளர்களும் ஆணையர்கள். வேலையும் இடமும் வழக்கம்போல்.' தொட்டியக்கா பாத்திர ஆணையர். அவள் கணவர் வாயில் ஆணையர். நாத்தனார் துடைப்ப ஆணையர். பழைய ஆணையர், பொது ஆணையர்.

கணவருக்கு உள்ளுக்குள் சந்தோஷம். கண்ணாடியில் ஒருமுறை பார்த்துக்கொண்டார். "வாயில் ஆணையர்! கேக்க நல்லாத்தான் இருக்கு."

"பேருல என்ன அண்ணே இருக்கு, அதே பூட்டு, அதே சாவி" என்றாள் நாத்தனார்.

தொட்டியக்கா அறிவிப்பை மறுபடி படித்துக்கொண்டிருந்தாள். "வேலையும் இடமும் வழக்கம்போல்னுதான் போட்டிருக்கு. நேரம்னு போடல."

"போடாட்டி என்ன?"

"விதிப் புத்தகத்துல பதினாலாம் பக்கத்துல இருக்குங்க. ஆணையர் பத்து மணிக்கு வந்தாப் போதும்."

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பக்கத்து வீட்டிலிருந்த பம்பு இயக்குகிறவருக்கு விஷயம் போனது. அவர் மூலமாகச் சமையல்காரருக்கு. இருட்டுவதற்குள் அடித்தளத்து அறுபது ஆணையர்களுக்கும் தெரிந்துவிட்டது.

திங்கட்கிழமை பத்து மணிக்குக் கட்டடத்தின் வெளியே எண்ணூறு ஆணையர்கள் நின்றார்கள். பூட்டிய இரும்புக் கதவு. சரியான வெயில். பொது ஆணையரின் கார் தெருமுனை வரை வந்து, கூட்டத்தைப் பார்த்து ஏதோ கலவரம் என்று திரும்பிப் போய், மறுபடி வந்தது. பத்து அடித்து ஒரு நிமிடத்தில் வாயில் ஆணையர் சாவிக்கொத்தோடு நடந்து வந்தார். "வழி விடுங்க, வழி விடுங்க" என்று நிதானமாகத் திறந்தார்.

உள்ளே வெள்ளிக்கிழமைக் குப்பை அப்படியே இருந்தது. குழாயில் தண்ணீர் இல்லை. பம்பு அப்போதுதான் போடப்பட்டது. லிஃப்ட் ஆணையர் விளக்கைத் துடைத்துக்கொண்டிருந்ததால் எல்லாரும் படியேறினார்கள். தேநீர் பன்னிரண்டு மணிக்கு வந்தது. மத்தியானச் சாப்பாடு நாலரைக்கு.

மூணுபேனா அவசர ஆணையர் கூட்டம் என்று சுற்றறிக்கை விட்டார். கூட்டத்துக்கு எண்ணூறு பேரும் வந்துவிட்டார்கள். ஏழாவது மாடி அறையில் இடம் போதாமல் சாப்பாட்டுக்கூடத்துக்கு மாற்றினார்கள்.

"சில ஆணையர்கள் கொஞ்சம் முன்னாடியே வந்தா எல்லா ஆணையர்களுக்கும் வசதியா இருக்கும்" என்று ஆரம்பித்தார் பொது ஆணையர்.

"தாராளமா வரட்டுங்க" என்றாள் நாத்தனார். "யாரு வர்றது?"

ஏழாவது மாடிக்காரர்கள் கூரையைப் பார்த்தார்கள். ஒருவர், விதியையே திருத்திவிட்டால் என்ன என்றார். திருத்தலாம் என்று மூணுபேனா புத்தகத்தைப் புரட்டினார். புரட்டிய கை அப்படியே நின்றுவிட்டது. ஆணையரின் பணி நேரத்தை மாற்ற ஆணையரின் ஒப்புதல் எழுத்தில் வேண்டும் என்றிருந்தது. ஆணையர் ஒருவர் மட்டுமே இருந்த காலத்தில், அவர் வசதிக்காக அவரே எழுதிக்கொண்ட விதி. இப்போது எண்ணூறு கையெழுத்து வேண்டும்.

எழுநூற்று நாற்பது கையெழுத்து அன்றைக்கே கிடைத்தது. அடித்தளத்து அறுபது மட்டும் கிடைக்கவில்லை.

ஒன்பது நாள் இப்படியே போனது. மேல்மாடிகளில் குப்பைக்கூடைகள் நிரம்பின. மூணுபேனா தினமும் அடித்தளத்துக்கு இறங்கி வந்தார். முதல் நாள் விரட்டும் 'வாங்க'வோடு வந்தார். நான்காம் நாள் நாற்காலி போடும் 'வாங்க'வோடு வந்தார். அங்கே போட நாற்காலி இல்லாததால் நின்றுகொண்டே பேசினார். உங்களை ஐந்தாவது மாடிக்கு மாற்றிவிடுகிறோம், வருகிறவர்களுக்கு வணக்கம் சொன்னால் போதும் என்று தொட்டியக்காவுக்கு ஆசை காட்டினார்.

அன்று மத்தியானம் முழுவதும் அவள் சரியாக வேலை செய்யவில்லை. நாற்காலி, மின்விசிறி, காய்ந்த கை. ஆசையாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன். சாயங்காலம் மூணுபேனாவிடம், "நான் மேல வந்துட்டா இங்க யாருங்க நிப்பாங்க?" என்று கேட்டாள்.

"வேற ஒரு ஆணையரைப் போட்டுக்குவோம்."

"அப்போ அவங்க அஞ்சரைக்கு வரணுமாங்க?"

அவர் சட்டைப்பைப் பேனாக்களைச் சரிசெய்தபடி படியேறினார். அவள் மறுபடி தேய்க்கத் தொடங்கினாள்.

பத்தாம் நாள் பொது ஆணையரே வந்தார். சுவரில் சாய்ந்து நின்றார். களைத்துப் போயிருந்தார், அவர் மேசையை அவரே துடைத்துக்கொள்ள ஆரம்பித்து ஒரு வாரம் ஆகியிருந்தது.

"உனக்கு என்னதாம்மா வேணும்?"

"எட்டு மணிங்க" என்றாள். "நாங்க எட்டு மணிக்கு வர்றோம். அதுக்கு முன்னாடி வர்றவங்க டீ அவங்களே போட்டுக்கட்டும். தட்டை வழிச்சுப் பெருக்குறவங்க தூக்கிக்கிட்டு வர முடியாது. சாப்பிட்டவங்களே வழிச்சுட்டு அனுப்பட்டும். இதை எழுதிக் கொடுத்தீங்கன்னா அறுபது பேரும் போட்டுடுறோம்."

"இதுக்கு ஒத்துக்கிட்டா ஆணையர் பட்டத்தைத் திரும்ப வாங்கிக்க வேண்டியிருக்கும். இல்லாட்டி நாளைக்கு வேற ஏதாவது பக்கத்தைப் படிச்சுட்டு வருவீங்க. பட்டம் போகுதேன்னு வருத்தம் இல்லையா?"

"அதை வெச்சுக்கிட்டு என்னங்க பண்றது? அதையும் நான்தான் தேய்க்கணும்."

பொது ஆணையர் முதன்முறையாகச் சிரித்தார். எழுதிக் கொடுத்தார். அவள் இரண்டு முறை படித்தாள். 'சுமார் எட்டு மணி' என்பதில் 'சுமார்' வேண்டாம் என்று அடிக்கச் சொன்னாள். பிறகு கையெழுத்துப் போட்டாள்.

நாத்தனாருக்கு அவ்வளவு திருப்தியில்லை. இன்னும் இழுத்திருந்தால் ஒன்பது மணியே கிடைத்திருக்கும் என்று இரண்டு நாள் முணுமுணுத்தாள். கணவர், வாயில் ஆணையர் என்று எழுதிய பலகையைக் கழற்றிக் கொடுக்க மனமில்லாமல், திருகாணி துருப்பிடித்துவிட்டது என்று ஒரு வாரம் கடத்தினார். பழைய ஆணையர் மறுபடி வெறும் ஆணையர் ஆனார். அந்த வருட அறிக்கையில், துறையில் சமத்துவம் முழுமையடைந்துவிட்டதால் மாற்று வாரம் இனித் தேவையில்லை என்று ஒரு வரி சேர்ந்தது. ஏழாவது மாடித் தட்டுகள் அதன் பிறகும் துடைத்து வந்தபாடில்லை. வழிக்கச் சொன்னதால், கரண்டியால் ஒருமுறை கோடு இழுத்துவிட்டு அனுப்பினார்கள்.

புது நேரம் தொடங்கிய முதல் நாள் மூன்று பேரும் ஏழரை மணிக்கு வீட்டைப் பூட்டினார்கள். பத்தொன்பது வருடம் நடந்த தெரு. இந்தக் காலை வெளிச்சத்தில் அவள் அதை நின்று பார்த்ததே இல்லை; பத்து மணிக்குப் போன அந்த நாட்களில்கூட, என்ன ஆகுமோ என்ற யோசனையில் தரையைப் பார்த்தே நடந்தாள். கடைகள் ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டிருந்தன. பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஓடின. மாடியில் ஒருத்தி தலையைத் துவட்டிக்கொண்டே யாரையோ திட்டிக்கொண்டிருந்தாள். தொட்டியக்கா ஒரு சிவப்புக் கதவு வீட்டின் முன்னால் நின்றாள்.

"ஏங்க, இந்த வீட்டுல இவ்வளவு பெரிய மாமரம் இருக்கு. எப்போங்க வெச்சாங்க?"

"யாருக்குத் தெரியும்?" என்றார் கணவர். அவரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார். "நம்ம இந்தப் பக்கம் நடக்க ஆரம்பிச்சதுக்கு முன்னாடியே வெச்சிருப்பாங்க போல."

"நேரமாச்சு அண்ணே" என்றாள் நாத்தனார் முன்னாலிருந்து. பிறகு, நேரமாகவில்லை என்பது அவளுக்கே ஞாபகம் வந்து, அவளும் திரும்பி வந்து மரத்தடியில் நின்றாள்.